மெடிக்கல் கடையும் 17,316 கோடியும்

கரையான்சாவடியில் ஆவடி ரோட்டுப் பக்கம் என் சித்தப்பா மகன் ஒரு மெடிக்கல் கடை எடுத்தான். 2018-ல். புதுக்கடை இல்லை, பதினொரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த கடை. நடத்தியவர், 'வயதாகிவிட்டது, மகனோடு கோயம்புத்தூர் போய்விடுகிறேன்' என்று கைமாற்றிவிட்டார். விலை 14 லட்சம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். சொந்தத்தில் யார் வீட்டிலும் பணம் சம்பந்தமான காகிதம் என்றால் என்னிடம்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் மனைவியும் ரூல் போட்ட ஒரு தாளோடு வந்தார்கள். மருந்து ஸ்டாக் 5 லட்சம். ரேக், ஃபிரிட்ஜ், ஏசி, கம்ப்யூட்டர் சேர்த்து ஒன்றரை லட்சம். கட்டட ஓனரிடம் இருக்கும் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். இதுவரை 8 லட்சம். அதற்குக் கீழே கடைசி வரி: குட்வில் 6 லட்சம்.

"அது என்ன அண்ணி ஆறு லட்சம்? அதுக்குக் கையில ஒண்ணும் தர மாட்டேங்கிறாரே. லைசென்ஸ்கூட நாமதான் நம்ம பேர்ல புதுசா எடுக்கணுமாம்" என்றாள் அவள்.

"ஓடுற கடைம்மா. நாளைக்குக் காலையில ஷட்டரைத் தூக்கினா ஆள் வந்து நிப்பாங்க. அதுக்குத்தான் ஆறு லட்சம்" என்றான் தம்பி.

குட்வில்லுக்கு அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் அதை நற்பெயர் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வார்த்தை அழகுதான். ஆனால் பெரிய கம்பெனியின் ஐந்தொகையில் அந்த வரியைப் பார்க்கும்போது அந்த அழகு நம்மை ஏமாற்றிவிடும். 'இந்தக் கம்பெனிக்கு இத்தனை கோடி நற்பெயர் இருக்கிறது' என்று படித்துவிடுவோம். அங்கே எழுதியிருப்பது அது இல்லை. அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கியபோது, வந்து சேர்ந்த சொத்துகளை நியாய விலைக்கு மதிப்பிட்டு, கடன்களைக் கழித்து, அதற்கு மேல் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தது என்பதுதான் அந்த வரி. பெயரின் அளவு இல்லை, கொடுத்த கூடுதல் விலையின் அளவு.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தானாக வளர்த்த நற்பெயரைக் கணக்கில் காட்ட முடியாது, விதி அனுமதிக்காது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த எம்.ஆர்.எஃப் இன்று நாடு முழுக்க அறிந்த பெயர். ஆனால் அந்தப் பெயருக்கு என்று அதன் ஐந்தொகையில் ஒரு தொகை கிடையாது. அதே எம்.ஆர்.எஃப்பை நாளைக்கு வேறொருவர் வாங்கினால், வாங்கியவர் புத்தகத்தில் ஆயிரக்கணக்கான கோடி குட்வில் வந்து உட்காரும். வளர்த்தவனிடம் இல்லாதது வாங்கியவனிடம் இருக்கும். ஆக, குட்வில் அதிகமாக இருக்கும் கம்பெனி பேர் பெற்ற கம்பெனி என்பதில்லை. கம்பெனிகளை விலை கொடுத்து வாங்கிய கம்பெனி.

ஒரு கம்பெனியில் குட்வில் எவ்வளவு பெரியது என்று காட்டும் விகிதம் சின்னக் கணக்குதான். குட்வில்லை மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். தம்பியின் கடையில் 6 லட்சத்தை 14 லட்சத்தால் வகுத்தால் 43 சதவீதம். அவன் போட்ட நூறு ரூபாயில் 43 ரூபாய் 'ஆள் வந்து நிப்பாங்க' என்ற நம்பிக்கைக்குப் போயிருக்கிறது.

நான் அதோடு நிறுத்த மாட்டேன். தம்பி 14 லட்சத்தில் 4 லட்சத்தை நகை அடகு வைத்துத்தான் புரட்டினான். சொந்தப் பணம் 10 லட்சம். அந்தப் பத்தில் ஆறு குட்வில். நாளைக்குக் கூட்டம் வரவில்லை என்றால் ஸ்டாக்கைத் திருப்பிக் கொடுக்கலாம், ஃபிரிட்ஜை விற்கலாம், அட்வான்ஸைக் கேட்டு வாங்கலாம். ஆறு லட்சத்தை யாரிடம் போய்க் கேட்பது? அது முழுக்க அவன் சொந்தப் பணத்தில்தான் இடிக்கும். அடகுக் கடைக்காரர் தன் நாலு லட்சத்தை வட்டியோடு வாங்கிக்கொள்வார். ஆகவே மொத்தச் சொத்தோடு ஒப்பிடும் விகிதத்தைப் போலவே, பங்குதாரர்களின் சொந்த நிதியோடு ஒப்பிடும் விகிதத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது 43 என்றது, இரண்டாவது 60. கடன் வாங்கிக் கம்பெனி வாங்குகிறவர்களின் கணக்கில் இந்த இரண்டுக்கும் இடைவெளி விரிந்துகொண்டே போகும்.

இந்தக் கணக்கையெல்லாம் அன்றைக்கே போட்டுச் சொன்னேன். ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவு எழுதுவதே அதற்காகத்தான்.

அந்த மெடிக்கல் கடையின் மேல் தட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் கையில் எடுத்துப் போகிற பாட்டில். அந்த பாட்டிலுக்குப் பின்னால் இந்தியாவின் மிகப் பெரிய குட்வில் கதைகளில் ஒன்று இருக்கிறது.

2018 டிசம்பரில் இந்துஸ்தான் யூனிலீவர், ஹார்லிக்ஸ் விற்றுவந்த கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் கன்ஸ்யூமர் ஹெல்த்கேரைத் தன்னோடு இணைத்துக்கொள்வதாக அறிவித்தது. ரொக்கமாக இல்லை, பங்குகளாக. ஒரு கிளாக்ஸோ பங்குக்கு 4.39 யூனிலீவர் பங்குகள். அறிவித்த நாளில் மதிப்பு சுமார் 31,700 கோடி ரூபாய். இணைப்பு நிறைவேறியது 2020 ஏப்ரல் 1-ல்.

இந்த இடைப்பட்ட பதினாறு மாதத்தில் யூனிலீவரின் பங்கு விலை ஏறிவிட்டது. கணக்கு விதிப்படி, கொடுத்த பங்குகளின் விலையை இணைப்பு நிறைவேறும் நாளில்தான் போட வேண்டும். அதனால் புத்தகத்தில் ஏறிய கொள்முதல் விலை சுமார் 40,000 கோடி. ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ்கூட அதிகமாக விற்க வேண்டிய அவசியமில்லாமல் விலை எட்டாயிரம் கோடிக்கு மேல் கூடியது. வந்து சேர்ந்த சொத்துகளின் மதிப்பு ஹார்லிக்ஸைச் சார்ந்தது. கொடுத்த விலை யூனிலீவரின் சொந்தப் பங்கு விலையைச் சார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் குட்வில். அப்படி விழுந்த தொகை 17,316 கோடி ரூபாய். பங்குகளைக் கொடுத்து வாங்கிய கம்பெனியின் குட்வில்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அந்த எண்ணில் ஒரு பகுதி, வாங்கியவரின் சொந்தப் பங்கு விலை அன்றைக்கு எந்த உயரத்தில் இருந்தது என்பதன் நிழல்.

யூனிலீவரின் 2021 மார்ச் தனிக் கம்பெனி ஐந்தொகையை எடுத்துப் பாருங்கள். மொத்தச் சொத்து சுமார் 68,000 கோடி. 17,316-ஐ அதால் வகுத்தால் 25 சதவீதம். பிராண்டுகள் போன்ற மற்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் இன்னொரு 28,000 கோடி அளவுக்கு. இரண்டையும் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு. சோப்பு, ஷாம்பு, டீத்தூள் என்று நாம் கையால் எடுக்கும் பொருளையே விற்கும் கம்பெனியின் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கையால் தொட முடியாது. அதற்கு முந்தைய வருஷம் மொத்தச் சொத்தே 20,000 கோடிக்குக் கீழேதான் இருந்தது.

ஃபோனில் பங்கு செயலி வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2019-20-ல் யூனிலீவரின் லாபம் 6,738 கோடி, சொந்த நிதி சுமார் 8,000 கோடி. நூறு ரூபாய் சொந்த நிதிக்கு 84 ரூபாய் லாபம். அடுத்த வருஷம் லாபம் 7,954 கோடியாகக் கூடியது; ஆனால் சொந்த நிதி 47,000 கோடியைத் தாண்டிவிட்டதால் நூறுக்கு 17 ரூபாயாகத் தெரிந்தது. இதை மட்டும் பார்த்தவர் 'கம்பெனி சரிந்துவிட்டது' என்று பயந்திருப்பார். அதே சமயம் பங்கு விலை புத்தக மதிப்பைப் போல் 60 மடங்குக்கு மேல் இருந்தது 12 மடங்குக்கு வந்தது. அதை மட்டும் பார்த்தவர் 'மலிவாகக் கிடைக்கிறது' என்று பாய்ந்திருப்பார். இரண்டு பேருமே தவறு. வியாபாரம் அதே வியாபாரம்தான், கூட ஹார்லிக்ஸ் வந்திருக்கிறது. மாறியது கணக்கின் அடிப்பகுதி.

அப்படியானால் 25 சதவீதம் ஆபத்தா? யூனிலீவர் விஷயத்தில் நான் பயப்பட மாட்டேன். கடன் வாங்கி வாங்கவில்லை. வருஷம் எட்டாயிரம் கோடிக்கு மேல் லாபம் வருகிறது. அடுத்து வந்த வருஷங்களின் அறிக்கைகளிலும் அந்த 17,316 அப்படியே நிற்கிறது. கவனிக்க மட்டும் செய்வேன். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் போட்டு விற்கக் கூடாது என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. யூனிலீவரும் தன் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, சத்துப் பானம் என்ற பொருள் வரும் பெயரை வைத்துக்கொண்டது. பாட்டில் அதே பாட்டில்தான். ஆனால் 'ஆரோக்கியம்' என்ற ஒரு சொல்லுக்கும் சேர்த்துத்தானே அன்றைக்கு விலை கொடுத்தார்கள்? என்னைப் போன்றவர்கள் ஒவ்வொரு வருஷமும் அந்த வரியைத் திறந்து பார்க்க இது போதுமான காரணம்.

சென்னையிலேயே இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நடந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. 1999 அக்டோபரில் சென்னைக் கம்பெனியான சத்யம் இன்ஃபோவே, இன்று சிஃபி என்று அறியப்படுவது, அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. அடுத்த மாதமே ராஜேஷ் ஜெயின் நடத்திவந்த இண்டியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. சமாச்சார், கோஜ், கேல், பாவர்ச்சி என்று சில இணையதளங்கள். ஆண்டு வருமானம் இரண்டு கோடிகூட இல்லை. கணக்குப் பிரிவில் நாங்கள் செய்தித்தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். ஒரு இணையதளத்துக்கு ஐந்நூறு கோடியா என்று யாருக்கும் நம்ப முடியவில்லை. கம்ப்யூட்டர், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தாலும் அந்த விலையில் ஒரு துளி. மீதி எல்லாம் குட்வில். அடுத்த ஆண்டே இணையக் குமிழி உடைந்தது. அந்தக் குட்வில்லின் பெரும் பகுதியைப் புத்தகத்திலிருந்து தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. விற்றவர் புத்திசாலித்தனமாக விற்றார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உச்ச விலையில் பங்கு வாங்கியிருந்தவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

டாடா ஸ்டீல், ஐரோப்பிய எஃகுக் கம்பெனியான கோரஸை வாங்கியதும் இந்த வரிசையில் வரும். 2006 அக்டோபரில் ஒரு பங்குக்கு 455 பென்ஸ் என்று ஆரம்பித்த விலை, பிரேசில் கம்பெனி ஒன்றோடு போட்டி ஏலத்தில் ஏறி ஏறி 2007 ஜனவரி கடைசியில் 608 பென்ஸில் முடிந்தது. ஏலத்தில் ஏறிய ஒவ்வொரு பென்ஸும் நேராகக் குட்வில்லில்தான் போய் விழுந்திருக்கும். ஏனென்றால் அந்த நாலு மாதத்தில் கோரஸின் உலைகள் ஒன்றும் கூடிவிடவில்லை. 2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, ஐரோப்பாவில் எஃகுக்குத் தேவை குறைந்தது. 2012-13 கணக்கில், பெரும்பாலும் ஐரோப்பியத் தொழிலைச் சேர்ந்த குட்வில்லுக்கும் சொத்துகளுக்குமாக 8,356 கோடி ரூபாயை எழுதித் தள்ளினார்கள். அந்த வருஷம் டாடா ஸ்டீல் குழுமத்துக்கு 7,058 கோடி நஷ்டம்.

இப்படி எழுதித் தள்ளும்போது 'இதில் ரொக்கம் எதுவும் வெளியே போகவில்லை, கணக்கில் மட்டும்தான்' என்று விளக்கம் வரும். உண்மைதான். ரொக்கம் வாங்கிய அன்றைக்கே வெளியே போய்விட்டது. இன்றைக்கு நடப்பது அதை ஒப்புக்கொள்வது. இந்த விளக்கத்தைக் கேட்டு ஆறுதல் அடைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பழைய கணக்கு விதியில் இணைப்பில் வந்த குட்வில்லைப் பொதுவாக ஐந்து வருஷத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து பெரிய கம்பெனிகளுக்கு வந்த புதிய இந்தியக் கணக்கியல் தரத்தில் அது கிடையாது. கரைக்க வேண்டாம், வருஷத்துக்கு ஒரு முறை 'இது இன்னும் இந்த மதிப்பு பெறுமா' என்று சோதிக்க வேண்டும். குறைந்திருந்தால் குறைக்க வேண்டும். ஒரு முறை குறைத்தால் பிறகு ஏற்ற முடியாது. அந்தச் சோதனையைச் செய்வது நிர்வாகம். அடுத்த ஐந்து வருஷத்தில் வியாபாரம் எவ்வளவு வளரும் என்ற ஊகத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். வாங்கியவரே 'நான் கொடுத்த விலை சரியா' என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் தேர்வு. ஆடிட்டர் பார்க்கிறார், சரி. ஆனாலும் நாமும் படிக்க வேண்டும்.

எங்கே படிப்பது? தனிக் கம்பெனிக் கணக்கு, குழுமக் கணக்கு என்று ஆண்டறிக்கையில் இரண்டு ஐந்தொகை இருக்கும். குழுமக் கணக்கைத் திறங்கள். உதாரணத்துக்கு, நம் ஆவடி டியூப் பிராடக்ட்ஸும் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், 2020 நவம்பரில் சி.ஜி. பவரின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. தனிக் கணக்கில் அது 'முதலீடு' என்ற வரியில் அடங்கிவிடும். குட்வில் என்ற தனி வரியைக் குழுமக் கணக்கில்தான் தேட வேண்டும். தனிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 'இவர்களுக்குக் குட்வில்லே இல்லை' என்று சொன்ன நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்தக் குறிப்புக்குப் போனால் குட்வில் எந்தத் தொழில் பிரிவைச் சேர்ந்தது, என்ன வளர்ச்சி ஊகித்தார்கள், என்ன வட்டியில் கழித்தார்கள் என்று போட்டிருக்கும். பணவீக்கத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வளரும் ஒரு தொழிலுக்கு 15 சதவீத வளர்ச்சி ஊகித்திருந்தால் அங்கே நின்றுவிடுங்கள்.

எத்தனை சதவீதம் வரை சரி என்று கேட்பார்கள். எல்லாத் துறைக்கும் பொருந்துகிற ஓர் எண் கிடையாது. ஒரு மென்பொருள் கம்பெனியையும் ஒரு சிமெண்ட் கம்பெனியையும் இதில் ஒன்றாக வைக்க முடியாது. அதே துறையில் இருக்கும் இன்னொரு கம்பெனியோடு பாருங்கள், அதே கம்பெனியின் ஐந்து வருஷத்தை வரிசையாகப் பாருங்கள். நான் எனக்கென்று வைத்திருக்கும் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். குட்வில் சொந்த நிதியில் பாதியைத் தாண்டினால் அந்தக் குறிப்பை முழுதாகப் படிக்காமல் பங்கை வாங்க மாட்டேன். சொந்த நிதியையே தாண்டி, கடனும் இருந்தால், படித்த பிறகும் வாங்க மாட்டேன்.

இனி தம்பியின் கடை. 2021 கடைசியில் ஒரு நாள் ஃபோன் செய்தான். "அக்கா, வியாபாரம் பாதிக்கு வந்துடுச்சு." போனேன். மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை கல்லாப்பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். 31 பில். அவற்றில் டாக்டர் சீட்டோடு வந்தது 9. பிறகு கம்ப்யூட்டரில் பழைய பில்களைப் புரட்டினோம். அவன் கடை எடுத்த முதல் மாதத்தில் ஒரு சாதாரண மாலையில் 62 பில், அதில் 41 ஒரே டாக்டரின் பெயரில். கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருந்தவர். அவர் சொந்தக் கட்டடம் கட்டி குமணன்சாவடிப் பக்கம் போய்விட்டார். அது அவர் உரிமை. ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு போனவர் ஏமாற்றினார் என்றும் சொல்ல மாட்டேன். அவர் கொடுத்தபோது கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது.

நான் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான்: கூட்டம் எதற்காக வருகிறது? கடைக்காக வந்ததா, மாடியில் இருந்தவருக்காக வந்ததா? ஸ்டாக்கை மாத்திரை அட்டை வரை எண்ணிப் பார்த்தோம். 43 சதவீதத்தை ஒரு மாலைகூட உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. அந்த நான்கு மணி நேரத்தை 2018-லேயே செலவழித்திருந்தால் ஆறு லட்சம் என்பதை இரண்டு லட்சமாகப் பேசியிருக்கலாம், அல்லது டாக்டரின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மாடி ஏறிக் கேட்டிருக்கலாம்.

2022 மார்ச் கணக்கு முடிக்கும்போது அந்த ஆறு லட்சத்தையும் நான் எழுதித் தள்ளினேன். அவன் சொந்தப் பணம் புத்தகத்தில் பத்திலிருந்து நாலு லட்சமாக இறங்கியது. அவன் மனைவி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மூடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு மாதாந்திர மருந்தை எடுத்து வைத்து ஃபோன் செய்து கூப்பிட ஆரம்பித்தார்கள். அடகு நகையை 2024 தையில் மீட்டாயிற்று. இப்போது மாலையில் 50 பில் வருகிறது. அதில் அவர்களாகச் சேர்த்துக்கொண்ட குட்வில் எவ்வளவோ இருக்கிறது. அதைக் கணக்கில் எழுத எனக்கு வழியில்லை.

உங்கள் கையில் இருக்கும் பங்குகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு இந்த வாரம் ஒரு மாலை உட்காருங்கள். குழுமக் கணக்கு, குட்வில் வரி, மொத்தச் சொத்து, சொந்த நிதி. இரண்டு வகுத்தல், பிறகு அந்தக் குறிப்பு. ஆண்டறிக்கை கம்பெனியின் இணையதளத்திலும் பங்குச் சந்தைகளின் இணையதளத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது.